ரிசீவர் யார் அறையில் இருந்தது?

டி.வி. வரலாறு என்று யாராவது எழுத உட்கார்ந்தால் திரையில் என்ன ஓடியது என்பதைத்தான் எழுதுகிறார்கள். ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமைப் படம், ராமாயணம், அப்புறம் மெகா சீரியல். டி.வி.க்குப் பின்னால் தொங்கிய ஒயரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. எனக்குக் கொஞ்ச காலமாகவே அந்த ஒயர் மேல்தான் கண்.

காரணம் இருக்கிறது. செயற்கைக்கோள் சிக்னல் ஒரு டி.வி.யில் படமாகத் தெரிய மூன்று சாமான்கள் வேண்டும். மொட்டை மாடியில் டிஷ், அது பிடித்த சிக்னலைப் பிரித்தெடுக்க ஒரு ரிசீவர், கடைசியில் டி.வி. வருவதைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் நடுவில் நாலாவதாக ஒரு டெக். (பெட்டியின் மேல் வி.சி.ஆர். என்று எழுதியிருக்கும். நம்ம ஊரில் அது டெக்தான். 'டெக் எடுத்து விடிய விடிய மூணு படம் பார்த்தோம்' என்று சொல்லாத வீடு ஏது?) இந்த நாலும் எந்த வரிசையில் இணைந்தன, ரிசீவர் மட்டும் யார் அறையில் இருந்தது என்று பார்த்துக்கொண்டே போனால், தமிழ்நாட்டு வீடுகளில் சத்தமில்லாமல் நடந்த ஒரு மாற்றம் பிடிபடுகிறது. ஒரு வீட்டில் எதைப் பார்க்கலாம் என்பதோடு, எதைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம் என்பதையும் அந்த ஒயர் வரிசைதான் முடிவு செய்தது.

முதலில் கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ். பயப்பட வேண்டாம், ஃபார்முலா எதுவும் கிடையாது.

செயற்கைக்கோள் நிற்பது பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து வரும் சிக்னல் நம் மாடிக்கு வரும்போது மிக மிகப் பலவீனமாக இருக்கும். 'சி பேண்ட்' என்று சொல்கிற அந்த அலைவரிசை 4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில். டிஷ் அதை ஒரு புள்ளியில் குவிக்கிறது. அந்தப் புள்ளியில் உட்கார்ந்திருக்கும் எல்.என்.பி. அதைப் பெருக்குகிறது, கூடவே 950 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1450 வரைக்கும் இறக்கிவிடுகிறது. இறக்காமல் 4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை அப்படியே சாதாரண கேபிள் ஒயரில் விட்டால் மாடியிலிருந்து கீழே வருவதற்குள் பாதி வழியிலேயே தேய்ந்து போகும். எல்.என்.பி.க்கு வேண்டிய மின்சாரத்தையும் அதே ஒயரில்தான் ரிசீவர் மேலே அனுப்புகிறது. மேலிருந்து படம், கீழிருந்து கரண்ட், ஒரே ஒயர்.

கீழே வந்ததும் இன்னொரு சிக்கல். அந்தக் கால செயற்கைக்கோளில் படம் ஏறி வந்தது எஃப்.எம். முறையில். தூர்தர்ஷன் டவரிலிருந்து வரும் படம் ஏ.எம். முறையில். வீட்டு டி.வி.க்குத் தெரிந்த பாஷை இரண்டாவது மட்டும்தான். ஆகவே ரிசீவர் முதலில் எஃப்.எம்.மைப் பிரித்துப் படத்தையும் ஒலியையும் தனித்தனியாக எடுக்கும். வேலை முடிந்ததா என்றால், இல்லை. 1980களில் இங்கே விற்ற பல டி.வி.களில் படத்தை நேராகக் கொடுக்க வழியே கிடையாது. பின்னால் ஆன்டெனா ஓட்டை ஒன்றுதான். அதனால் ரிசீவருக்குள்ளேயே 'ஆர்.எஃப். மாடுலேட்டர்' என்று ஒரு சின்னத் தகர டப்பா இருக்கும். வந்த படத்தை அது மறுபடியும் ஏ.எம்.மாக மாற்றி ஏதாவது ஒரு சேனல் நம்பரில் வெளியே விடும். அதாவது அந்தப் பெட்டி ஒரு குட்டி டி.வி. ஸ்டேஷனாக வேஷம் போடுகிறது. டி.வி.க்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. ஆன்டெனா ஓட்டையில் ஒரு ஸ்டேஷன் வருகிறது, அவ்வளவுதான். டெக்கும் இதே வேஷத்தைத்தான் போட்டது. பின்னாளில் வந்த வீடியோ கேம் பெட்டியும் இதேதான்.

ஏன் ஏ.வி. ஓட்டை வைக்கவில்லை? கஞ்சத்தனம் ஒரு காரணம். இன்னொன்று பாதுகாப்பு. விலை குறைக்க அந்தக் காலத்து டி.வி.கள் பலவற்றில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. உள்ளே இருக்கும் சேசிஸ் வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும். ஆன்டெனா ஓட்டையை மட்டும் இரண்டு சின்ன கெபாசிட்டர் வைத்துப் பிரித்திருப்பார்கள். அந்த மாதிரி டி.வி.யில் யாராவது மெக்கானிக் ஆர்வக் கோளாறில் ஏ.வி. பின் வைத்துக் கொடுத்தால், டெக்கைத் தொட்டவருக்கு 230 வோல்ட் கிடைக்க வாய்ப்பு உண்டு.

வேஷம் போடுகிற பெட்டிகள் இரண்டாகும்போது வேடிக்கை. ரிசீவரும் டெக்கும் ஃபாக்டரியிலிருந்து வரும்போதே யு.எச்.எஃப். 36ஆவது சேனலில் செட் ஆகி வருவது வழக்கம். இரண்டையும் வரிசையாக மாட்டினால் ஒரே நம்பரில் இரண்டு ஸ்டேஷன். படத்தின் மேல் மீன் முள் மாதிரி கோடுகள் ஓடும். பின்னால் இருக்கும் ஒரு பொடி ஸ்க்ரூவைத் திருப்பி ஒன்றை 33, 34 என்று நகர்த்தினால் கோடு போய்விடும். இது தெரியாமல் டெக்கைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு நடந்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் புள்ளிவிவரத்திலும் இருக்காது.

ஒரு வீட்டில் ரிசீவர் வைத்துச் செயற்கைக்கோள் படம் பார்ப்பது என்பது எங்கே தொடங்கியது? இதில் நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை 'சைட்' என்ற பெயரில் ஒரு பரிசோதனை நடந்தது. நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஒரு வருடத்துக்கு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேராக டி.வி. கொடுத்தார்கள். ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான். தமிழ்நாடு பட்டியலில் இல்லை. கிராமத்துக்கு ஒரு டி.வி., அதோடு கோழிக்கூண்டுக்குப் போடுகிற கம்பி வலையில் செய்த 3 மீட்டர் டிஷ். டிஷ் கையாலேயே செய்யக்கூடியதாக இருந்ததற்குக் காரணம், அந்தச் செயற்கைக்கோள் 860 மெகாஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அலைவரிசையில் பலமாக அனுப்பியது. அலை நீளமாக இருந்தால் வலையில் ஓட்டை பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. உழவு, உடல்நலம், பள்ளிப் பாடம் என்றுதான் நிகழ்ச்சிகள். ஊர் முழுக்க ஒரு டி.வி. முன்னால். ரிசீவர் இருந்தது பொது இடத்தில்.

அதே சமயம் இந்தியாவுக்கு வெளியே ஒரே ஒரு தனி வீட்டு மாடியிலும் அந்தப் படம் தெரிந்தது. கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க் வீடு. செயற்கைக்கோள் வழியாக ஒலிபரப்பு செய்யலாம் என்று 1945இலேயே 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் எழுதியவர் என்ற மரியாதைக்காக, இஸ்ரோ பொறியாளர்கள் போய் அவர் வீட்டில் டிஷ்ஷும் ரிசீவரும் மாட்டிக் கொடுத்தார்கள். உலகத்திலேயே தனி ஆள் வீட்டில் இருக்கும் ஒரே செயற்கைக்கோள் நிலையம் தன்னுடையதுதான் என்று கிளார்க் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பீகார் விவசாயிக்காக எடுத்த நிகழ்ச்சியை விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் கொழும்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

அடுத்த வருடமே, 1976இல், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெய்லர் ஹவார்ட் யார் தயவும் இல்லாமல் தன் வீட்டிலேயே ஒரு ரிசீவர் கட்டினார். பழைய டிஷ் ஒன்றை வாங்கி, கேபிள் கம்பெனிகளுக்காக மட்டும் போய்க்கொண்டிருந்த எச்.பி.ஓ. சேனலைப் பிடித்துவிட்டார். நல்ல மனுஷன். ஓசியில் பார்க்கிறோமே என்று எச்.பி.ஓ.வுக்கு 100 டாலர் செக் அனுப்பினார். பெரிய கேபிள் கம்பெனிகளோடு மட்டும்தான் எங்களுக்கு வியாபாரம் என்று செக் திரும்பி வந்தது. சிக்னல் எல்லார் தலை மேலும் கொட்டுகிறது, ஆனால் அதை வாங்க உரிமை உள்ளவர் நடுவில் இருக்கும் கம்பெனி மட்டும். பத்து வருடம் கழித்து, 1986 ஜனவரியில், எச்.பி.ஓ. தன் சிக்னலைப் பூட்டிவிட்டது. அதன் பிறகு பார்க்க வேண்டுமானால் ரிசீவரோடு சேர்த்து ஒரு டீகோடரும் வாங்கிச் சந்தா கட்ட வேண்டும்.

இந்த இரண்டு கதைகளிலும் ரிசீவர் பார்ப்பவர் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் நடந்தது வேறு.

1991 ஜனவரி 17. வளைகுடாப் போர் தொடங்குகிறது. சி.என்.என். நேரலையாகக் காட்டுகிறது. இந்தியாவில் அதை முதலில் பார்த்தது பெரிய ஓட்டல்களில் தங்கியிருந்தவர்கள். அதற்கு முன்பே பம்பாய் போன்ற ஊர்களில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு ஒரு டெக்கை வைத்து எல்லா வீட்டுக்கும் ஒயர் இழுத்துப் படம் காட்டும் தொழில் நடந்துகொண்டிருந்தது. அதே ஒயரில் டிஷ்ஷையும் சேர்த்தால் என்ன என்று தோன்ற அதிக நேரம் ஆகவில்லை. அதே 1991இல் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டி.வி. ஐந்து சேனல்களோடு வந்தது. பூட்டு இல்லை, டிஷ் இருந்தால் போதும்.

ஸ்டார் ஏறி வந்த ஏசியாசாட்-1 செயற்கைக்கோளுக்கே ஒரு பூர்வ ஜென்மம் உண்டு. அது முதலில் வெஸ்டார்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள். 1984 பிப்ரவரியில் சேலஞ்சர் விண்கலத்திலிருந்து விட்டார்கள். மோட்டார் சரியாக எரியாமல் உபயோகமற்ற சுற்றுப்பாதையில் மாட்டிக்கொண்டது. அதே வருடம் நவம்பரில் டிஸ்கவரி விண்கலம் போய் அதை அள்ளிக்கொண்டு திரும்பியது. விண்வெளி வீரர்கள் அங்கேயே 'விற்பனைக்கு' என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்த அட்டை வீண் போகவில்லை. பழுது பார்த்து ஹாங்காங் கம்பெனிக்கு விற்று, 1990 ஏப்ரல் 7 அன்று சீன ராக்கெட்டில் மறுபடி ஏற்றினார்கள். நம் தெருக்களில் முதன்முதலில் ஓடிய எம்.டி.வி. செகண்ட் ஹாண்ட் செயற்கைக்கோளில் வந்தது.

அது நின்ற இடம் கிழக்கு தீர்க்கரேகை 105.5 டிகிரி. சென்னையிலிருந்து கணக்குப் போட்டால் கிழக்குக்குச் சற்றுத் தெற்கே, தரையிலிருந்து 57 டிகிரி உயரத்தில். அந்த வருடங்களில் சென்னையில் தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால் அந்தத் திசையைப் பார்த்தபடி கம்பி வலை டிஷ்கள் மாடிக்கு மாடி முளைத்திருப்பது தெரிந்திருக்கும். எட்டடி, பன்னிரண்டு அடி. அந்தச் சுற்றளவும் அதன் விலையும்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானித்தன. ஒரு நடுத்தரக் குடும்பம் தனக்கென்று டிஷ், எல்.என்.பி., ரிசீவர் வாங்கும் நிலையில் இல்லை. தெருவுக்கு ஒருவர் வாங்கினார். மற்றவர்கள் மாதச் சந்தா கட்டினார்கள். அவர்தான் கேபிள்காரர்.

அவர் அறைக்குள் போயிருக்கிறீர்களா? பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, அல்லது மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை. சூடு தாங்காமல் ஒரு டேபிள் ஃபேன் பெட்டிகளைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு சேனலுக்கு ஒரு ரிசீவர், ஒரு மாடுலேட்டர். ஆறு சேனல் என்றால் ஆறு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒரு குட்டி ஸ்டேஷன், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். எல்லாவற்றையும் கலந்து ஒரே ஒயரில் தெருவுக்கு அனுப்புவார். மூலையில் ஒரு டெக், அதற்கும் ஒரு மாடுலேட்டர். ராத்திரி பத்து மணிப் படம் அதிலிருந்துதான்.

இந்தக் கணக்கில் ஒவ்வொரு புது சேனலும் கேபிள்காரருக்குப் புதுச் செலவு. அதனால் ரிசீவர் போதாதபோது அவரே ஒன்றை மாற்றி மாற்றி வைப்பார். பகலில் பாட்டு வந்த நம்பரில் சாயங்காலம் கிரிக்கெட் வரும். 'அண்ணே, மேட்ச் போடுங்கண்ணே' என்று தெருப் பையன்கள் அவர் வாசலில் போய் நிற்பதும், அதே நேரம் 'தம்பி, அந்தப் படத்த ஏம்ப்பா மாத்துன' என்று அந்தப் பக்கத்து வீட்டு அம்மா சண்டைக்கு வருவதும் சகஜம். ரிமோட் நம் கையில் இருந்தாலும் ரிசீவரின் குமிழ் அவர் கையில். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. தொடங்கியபோது, ஒரு தெருவில் அது தெரியுமா தெரியாதா என்பது அந்தத் தெரு கேபிள்காரர் இன்னொரு ஜோடிப் பெட்டி வாங்கினாரா என்பதைப் பொறுத்தது. தமிழ் சேனல் என்பதால் வாங்காமல் தப்ப முடிந்திருக்காது.

ஒயரின் வம்புகளும் நிறைய. வழியில் சிக்னல் தேயத் தேய நடுநடுவே ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அதற்குக் கரண்ட் யாராவது ஒரு வீட்டிலிருந்து எடுப்பார்கள், பதிலுக்கு அந்த வீட்டுக்கு இணைப்பு இலவசம். அந்த வீட்டில் கரண்ட் போனால் அதற்கப்பால் இருக்கும் எல்லா வீட்டிலும் படம் போய்விடும். நம்ம வீட்டில் ஃபேன் ஜோராகச் சுற்றும், டி.வி.யில் மட்டும் கொசு பறக்கும். கேபிள் பின்னைப் பிடுங்கும்போது சுருக்கென்று கை உதறியதற்கும் இந்த ஆம்ப்ளிஃபயர் ஏற்பாடும், எர்த் சரியில்லாததும்தான் முக்கியக் காரணங்கள்.

சட்டம் பின்னால்தான் வந்தது. 1994 செப்டம்பரில் அவசரச் சட்டம், 1995இல் கேபிள் டி.வி. நெட்வொர்க் சட்டம். கேபிள்காரர் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். அதற்குள் தெரு முழுக்க ஒயர் போய் முடிந்திருந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கேபிள்காரர் கையில் அதிகாரம் இருந்தது என்று எல்லாரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அதே ஏற்பாடு வீட்டுக்காரருக்கு ஒரு சுதந்திரத்தையும் கொடுத்தது. அது போன பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிகிறது.

எப்படி? வீட்டுக்குள் வந்த ஒரே ஒயரில் எல்லா சேனலும் ஒன்றாக, பூட்டு இல்லாமல் வந்தன. அந்த ஒயரை முதலில் டெக்கில் சொருகி, டெக்கிலிருந்து டி.வி.க்கு இன்னொரு ஒயர் போடுவது வழக்கம். டெக்குக்குள் தனியாக ஒரு டியூனர் உண்டு. டி.வி.க்குள் தனியாக ஒரு டியூனர். இரண்டும் ஒன்றையொன்று கேட்காது. டெக் எட்டாம் நம்பரில் சீரியலைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போது, டி.வி.யில் ஐந்தாம் நம்பரில் மேட்ச் பார்க்கலாம். கல்யாணத்துக்குப் போக வேண்டுமா, டைமர் வைத்துவிட்டுப் போகலாம். டெக் தானே எழுந்து, தானே சேனலைப் பிடித்து, தானே பதிவு செய்துவிட்டுத் தூங்கும். (கரண்ட் போகாமல் இருந்தால். போனால் கடிகாரம் 12:00 என்று சிமிட்டிக்கொண்டு நிற்கும், பதிவு அம்போ.) யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தன் வீட்டில் டிஷ்ஷும் ஒரே ஒரு ரிசீவரும் வைத்திருந்த அமெரிக்கக்காரருக்கே இது எளிதில் முடியாது. அவர் ரிசீவரில் எது ஓடுகிறதோ அதைத்தான் பதிவும் செய்யலாம், பார்க்கவும் செய்யலாம். பன்னிரண்டு அடி டிஷ் வாங்க வழியில்லாத நம் தெருவுக்கு, ரிசீவர்கள் அனைத்தும் கேபிள்காரர் அறையில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த காரணத்தாலேயே, அவருக்கு இல்லாத வசதி கிடைத்தது.

அதை எல்லாரும் பயன்படுத்தினார்கள் என்று சொல்ல வரவில்லை. சொந்தமாக டெக் வைத்திருந்த வீடுகள் குறைவு. அவற்றிலும் பல டெக்கே இல்லை, பதிவு செய்ய முடியாத வெறும் பிளேயர். ஆனால் வைத்திருந்தவர்கள் பதிவு செய்தார்கள். கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் அதன் மேல் மறுபடி பதிவாகாது. பிறகு மனசு மாறினால் அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டினால் பதிவாகும். எத்தனையோ வீட்டில் அக்காவின் கல்யாணக் கேசட் மேல் இந்தச் செல்லோ டேப் உபயத்தில் கிரிக்கெட் ஏறியிருக்கிறது.

அந்தக் கேசட்டுகள் கடலும் தாண்டின. சேனல் போய்ச் சேராத ஊர்களுக்கு முதலில் போனது கேசட்தான். டொராண்டோவில் ஈழத்தமிழர் நடத்திய வீடியோ கடைகளில் தமிழ் சீரியல் கேசட்டுகள் வாடகைக்குக் கிடைத்தன. அங்கேயும் ஒயர் தன் வேலையைக் காட்டியது. இங்கே பால் முறை, கனடாவில் என்.டி.எஸ்.சி. முறை. இங்கிருந்து ஆசையாக எடுத்துக்கொண்டு போன கேசட்டை அங்கே சாதாரண டெக்கில் போட்டால் படம் உருளும். மாற்றிப் பதிவு செய்யத் தனி மெஷின் வேண்டும்.

பெட்டி எப்போது வீட்டுக்குள் வந்தது? நடுவில் ஒரு தடை. டிஷ்ஷைச் சின்னதாக்கும் கே.யு. பேண்ட் தொழில்நுட்பம் தயாராக இருந்தபோது, 1997 ஜூலையில், 4800 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் டி.வி. சிக்னல் வாங்கவே கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. 2000 நவம்பரில் டி.டி.எச். சேவையை அனுமதித்தார்கள். 2003 அக்டோபரில் முதல் தனியார் டி.டி.எச்., 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவச டி.டி.எச். இதற்கிடையே 2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் 'கேஸ்' வந்தது. கட்டணச் சேனல்கள் வேண்டுமென்றால் செட்டாப் பாக்ஸ் வாங்க வேண்டும், மற்றவை பழையபடி ஒயரிலேயே வரும். நாலு பெருநகரங்களில் அன்றைக்கு அதை நடைமுறைப்படுத்தியது சென்னை மட்டும்தான். 2011இல் கேபிள் சட்டத்தைத் திருத்தி, 2012 முதல் 2017 வரை கட்டம் கட்டமாக நாடு முழுக்க எல்லாச் சேனலையும் டிஜிட்டலாக்கினார்கள். அரசு கேபிள் 2017இல் பெட்டியை இலவசமாகவே கொடுத்தது.

ரிசீவர் கடைசியில் நம் வீட்டு ஹாலுக்கே வந்துவிட்டது. குமிழ் நம் கையில். நூற்றுக்கணக்கில் சேனல். மழை பெய்தால் தவிர படம் பளிங்கு. கேபிள்காரர் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. இதையெல்லாம் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஒயரைப் பாருங்கள். உள்ளே வரும் ஒயரில் இப்போது எல்லாமே பூட்டிய டிஜிட்டல். டெக்கின் டியூனருக்கு அது வெறும் இரைச்சல். டி.வி.யின் டியூனருக்கும் அதேதான். பெட்டி திறந்து கொடுக்கிற ஒரு சேனல் மட்டும் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரில் வெளியே வருகிறது. டெக்கை அதில் மாட்டலாம். ஆனால் பதிவாவது பெட்டி அப்போது எந்தச் சேனலில் நிற்கிறதோ அது. டைமர் வைத்தால் டெக் சொன்ன நேரத்துக்கு எழுந்துகொள்ளும், பெட்டியை எழுப்பிச் சேனலை மாற்ற அதற்குத் தெரியாது. ஒன்றைப் பதிவு செய்துகொண்டே இன்னொன்றைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாவது பெட்டி, இரண்டாவது சந்தா. டெக்குக்கு உள்ளே இருந்த டியூனர் ஒரு நாள் காலையில் ஊமையாகிப் போனது. அதைப் பற்றி யாரும் புகார் சொன்ன மாதிரி தெரியவில்லை, ஏனென்றால் அதற்குள் டெக்கின் மேல் துணி போட்டு மூடி, அதன் மேல் பொம்மை வைத்திருந்தோம். 2016 ஜூலையோடு ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி வி.சி.ஆர். தயாரிப்பதை நிறுத்தியது. அதுதான் கடைசிக் கம்பெனி.

பதிவு செய்யும் பெட்டிகளும் வந்தன. உள்ளே ஹார்ட் டிஸ்க், சேனல் பட்டியலைப் பார்த்து ஒரே பட்டன். டெக்கோடு ஒப்பிட்டால் சொர்க்கம். எங்கள் வீட்டிலும் ஒன்று சில வருடங்கள் இருந்தது. ஆனால் பதிவானது அந்தப் பெட்டியோடு பூட்டப்பட்டது. வெளியே எடுக்க முடியாது, வேறு பெட்டியில் ஓடாது. பெட்டி பழுதானதும் ஆள் வந்து புதுப் பெட்டி மாட்டிவிட்டுப் பழையதைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குள் இருந்த 200 மணி நேரச் சமாசாரம் அவரோடு படியிறங்கிப் போயிற்று. அவர் மேல் தப்பில்லை, பெட்டி கம்பெனிச் சொத்து.

இப்போது கேள்வி, பழைய தமிழ் டி.வி. எங்கே இருக்கிறது என்பது. சேனல்கள் தங்கள் சீரியலையும் படத்தையும் வைத்திருக்கலாம், ஏனென்றால் மறுபடி விற்கலாம். அறிவிப்பாளர் தடுமாறிய நிமிடம், தேர்தல் இரவில் நிமிடத்துக்கு நிமிடம் மாறிய எண்ணிக்கை, ஜவுளிக்கடை விளம்பரம், கேபிள்காரர் கையால் எழுதிக் கேமரா முன் வைத்த 'சந்தா பாக்கியை உடனே செலுத்தவும்' அட்டை, இதற்கெல்லாம் மறு விற்பனை மதிப்பு கிடையாது. இவற்றைத் தற்செயலாகப் பிடித்து வைத்தது வீட்டு டெக் மட்டும்தான். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த மேரியன் ஸ்டோக்ஸ் என்ற அம்மாள் 1970களின் கடைசியிலிருந்து 2012இல் இறக்கும்வரை செய்திச் சேனல்களை இராப்பகலாக டெக்கில் பதிவு செய்து வைத்தார். பல்லாயிரம் கேசட்டுகள், இப்போது இன்டர்நெட் ஆர்க்கைவிடம் இருக்கின்றன. வீட்டில் இருந்த அத்தனை டெக்குகளும் வேலை செய்யக் காரணம், உள்ளே வந்த ஒயர் அன்று பெருமளவு திறந்திருந்தது.

நம் பக்கம் அப்படி ஒருவர் இருந்தாரா என்று நான் தேடுவதில்லை. சாதாரணப் பரண்களே போதும். நான்கு வருடமாக உறவினர், நண்பர் வீடுகளில் கேட்டு வாங்கிய கேசட்டுகள் 60க்கு மேல் சேர்ந்திருக்கின்றன. பாதியில் வெள்ளைப் பூசணம். நம் ஊர் ஈரத்துக்கு அது படியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதோடு டெக்கில் போட்டால் ஹெட் கெட்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். எனவே முதலில் கேசட்டைத் திறந்து, டேப்பை மெல்லத் துடைத்து, காய வைத்து, அப்புறம்தான் டெக்.

இணைப்பு இப்போது தலைகீழ். டெக்கின் ஏ.வி. அவுட்டிலிருந்து ஒரு சின்ன கேப்ச்சர் கருவி, அதிலிருந்து கம்ப்யூட்டர். மாடுலேட்டர் வழியாக எடுக்கக் கூடாது, இருக்கிற தரமும் போய்விடும். பழைய டேப்பில் படத்தின் ஓட்டம் நேரம் தவறி ஆடும். கேப்ச்சர் கருவிக்கு அது பிடிக்காமல் ஃபிரேமை விழுங்கும். நடுவில் ஒரு டைம் பேஸ் கரெக்டர் இருந்தால் நல்லது, விலைதான் மலைக்க வைக்கும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் உட்கார வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

உங்கள் பரணில் கேசட் இருந்தால், மேலே ஒட்டியிருக்கும் சீட்டை நம்பித் தூக்கிப் போட வேண்டாம். என்னிடம் இருப்பதில் ஒன்றின் சீட்டில் 'வளைகாப்பு' என்று எழுதியிருக்கிறது. வளைகாப்பு 40 நிமிடத்தில் முடிகிறது. அதன் பிறகு டெக்கை யாரோ நிறுத்த மறந்திருக்கிறார்கள், அல்லது வேண்டுமென்றே ஓட விட்டிருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஒரு சனிக்கிழமை சாயங்கால டி.வி., விளம்பரங்களோடு, நடுவில் ஒரு முறை ஆம்ப்ளிஃபயர் வீட்டில் கரண்ட் போய் வந்ததோடு, அப்படியே இருக்கிறது.